பத்தாம் வகுப்பு ஆங்கில வீட்டுப்பாடம்: பதிலை நானே சொல்லிவிடலாமா?

#1 காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். என் மகள் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு, தமிழ் வழி. நான் பன்னிரண்டு வரை படித்தவள். ஆங்கிலத்தை மெதுவாக வாசித்தால் புரிந்துவிடும், சொந்தமாக எழுத வராது. அவளுடைய அப்பாவுக்கு வெளியூரில் வேலை, அதனால் வீட்டுப்பாடம் முழுக்க என் பொறுப்பு.

போன மாதம் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' பாடம் நடந்தது. பறக்கப் பயப்படும் கடற்பறவைக் குஞ்சின் கதை. தாய்ப்பறவை மீனைக் கவ்விக்கொண்டு குஞ்சுக்குப் பக்கம் வரை வந்துவிட்டு, கொடுக்காமல் ஏன் அப்படியே நின்றது என்று ஒரு கேள்வி. மகள் யோசித்து, "அம்மாவுக்கு இரக்கம் இல்லை" என்று எழுதினாள். எனக்கு அது தவறாகப் பட்டது. கைடில் இருந்த பதிலை எடுத்துக் கொடுத்தேன், அப்படியே எழுதினாள், மறுநாள் டிக் வாங்கி வந்தாள்.

அப்புறம் யூனிட் டெஸ்ட்டில் அதே கதையில் கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்: குஞ்சைக் கடைசியில் பறக்க வைத்தது எது? அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டாள். கதை தெரியாதா என்றால், தெரியும், தமிழில் அழகாகச் சொல்கிறாள். அன்றிலிருந்து எனக்கு மனது சரியில்லை. பதிலைச் சொல்லிக் கொடுப்பது தப்பா? சொல்லாவிட்டால் இரவு பத்து மணி வரை நோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதையும் பார்க்க முடியவில்லை.

#2 சாக்பீஸ்

நான் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறவள். உங்களைப் போல மெனக்கெடும் அம்மாக்கள் குறைவு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகள் எழுதியது தவறான பதில் இல்லை, பாதியில் நின்றுபோன பதில். அதை அடிக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "எந்த வரியைப் படிக்கும்போது உனக்கு அப்படித் தோன்றியது?" அவள் நிச்சயம் ஒரு வரியைக் காட்டுவாள். அந்த வரியிலிருந்து பாடம் தொடங்குகிறது.

கதையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இருபத்து நான்கு மணி நேரமாகக் குஞ்சின் பக்கம் யாரும் வரவில்லை. அண்ணன்கள் இரண்டு பேரும் தங்கையும் பறந்துவிட்டார்கள். இது மட்டும் பாறை விளிம்பில் தனியாக நிற்கிறது. அம்மா மீன் துண்டோடு வருகிறாள். தூரத்தில் நின்று காட்டவில்லை, கிட்டத்தட்ட அலகுக்கு எட்டும் தூரத்தில், சிறகை அசைக்காமல் காற்றில் நிற்கிறாள். இரக்கமில்லாத அம்மா இவ்வளவு பக்கம் வருவாளா? அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் அந்த ஒரு சாண் இடைவெளியை ஏன் விட்டாள்? இதைத் தமிழிலேயே கேளுங்கள். தமிழிலேயே பதில் சொல்லட்டும். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் குஞ்சு பாய வேண்டியிருந்தது என்று அவள் வாயிலிருந்தே வந்துவிடும்.

கவனித்தீர்களா, தாய் எதற்காக அப்படிச் செய்தாள் என்று கதாசிரியர் ஓரிடத்திலும் சொல்லவில்லை. அவர் லியாம் ஓஃப்ளாஹெர்ட்டி, அயர்லாந்தின் மேற்கே அரன் தீவுகளில் பிறந்தவர். கடற்பறவைகளைப் பார்த்தே வளர்ந்திருப்பார். பறவை செய்ததை மட்டும் எழுதிவிட்டுக் காரணத்தை நம்மிடம் விட்டிருக்கிறார். கைடு அந்தக் காரணத்தை ஒரே வரியில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்குப் பதில் கிடைக்கிறது, அந்த இடைவெளி கண்ணில் படாமலேயே போய்விடுகிறது. டெஸ்ட்டில் 'பறக்க வைத்தது எது' என்று கேட்டபோது அவளுக்குத் தேவைப்பட்டது அந்த இடைவெளிதான்: பசியும், எட்டாத மீனும்.

#3 எண்ணெழுத்து

டீச்சர் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நடைமுறையையும் பார்க்க வேண்டும். ஆங்கிலம் இப்போது ஒரே தாள், நூறு மதிப்பெண். அதில் இரண்டு மதிப்பெண் கேள்வி, ஐந்து மதிப்பெண் பத்தி, இலக்கணம், மனப்பாடப் பாடல், கடிதம் என்று எல்லாம் அடங்க வேண்டும். ஒரு இரண்டு மதிப்பெண் கேள்விக்கு அரை மணி நேரம் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் கணக்கு எப்போது, அறிவியல் எப்போது?

என் பெரியவனுக்கு நான் எல்லாப் பதில்களையும் எழுதிக் கொடுத்தேன். படித்தான், எழுதினான், தேறினான். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு முதலில் தேர்ச்சி முக்கியம். அம்மா மேல் குற்றம் சொல்லாதீர்கள்.

#4 சாக்பீஸ்

குற்றம் சொல்லவே இல்லை சார். தேர்ச்சி முக்கியம் என்பதிலும் உங்களோடு நிற்கிறேன். மனப்பாடப் பாடலை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், கடிதத்தின் அமைப்பையும் அப்படித்தான். வகுப்பில் கடைசி நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நானே சில பதில்களைச் சுருக்கி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் திருத்துகிற இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு வகுப்பில் நாற்பது நோட்டு. நாற்பதிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை கூட. அதில் எந்தப் பிள்ளைக்குக் கதை புரிந்தது என்று எனக்குத் தெரியாது. தெரியாததால் மறுநாள் எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்றும் தெரியாது. 'அம்மாவுக்கு இரக்கம் இல்லை' என்று ஒரு நோட்டில் பார்த்திருந்தால் அந்தப் பத்தியை அன்றைக்கே மறுபடி வாசித்திருப்பேன். வீட்டுப்பாடத்தில் வரும் தவறு எனக்கு வேண்டும். அதை வீட்டிலேயே துடைத்து அனுப்பிவிடாதீர்கள்.

அரை மணி நேரம் முதல் இரண்டு வாரம்தான் ஆகும். அப்புறம் அவளே கேட்டுக்கொள்வாள்.

#5 பழையபுத்தகம்

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். தெருப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். பாடத்தைவிட, முன்பின் பார்த்திராத பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும்போதுதான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுகிறார்கள். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் செய்வது இதுதான். கேள்வியில் 'மார்க்கெட்' என்ற சொல் இருந்தால், பத்தியில் 'மார்க்கெட்' எங்கே வருகிறது என்று விரலை ஓட்டுவார்கள். கண்டுபிடித்ததும் முழு வரியையும் பெயர்த்து எழுதிவிடுவார்கள். பாதி கேள்விகளுக்கு இது பலிக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் போகமாட்டேன் என்கிறது.

பலிக்காத இடத்துக்கு ஒரு மாதிரி நானே எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் தருகிறேன்: "முருகன் அன்று சந்தைக்குப் போகவில்லை. விடிந்ததிலிருந்து வானம் கறுத்திருந்தது. முந்தின நாள் வாங்கிய வாழைத்தார்கள் திண்ணையிலேயே கிடந்தன. மனைவி கூரை ஒழுகும் இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தாள்." கேள்வி: முருகன் ஏன் சந்தைக்குப் போகவில்லை? பிள்ளைகள் முதல் வரியைப் பெயர்த்து எழுதுவார்கள்: 'முருகன் அன்று சந்தைக்குப் போகவில்லை.' கேள்வியே பதிலாக வந்து நிற்கும். மழை என்ற சொல் பத்தியில் எங்குமே இல்லை. கறுத்த வானம், ஒழுகும் கூரை இரண்டையும் சேர்த்து நாம்தான் மழையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதற்கு நான் செய்யும் ஒரே வேலை, கேள்வியின் முதல் சொல்லை வட்டமிடச் சொல்வது. 'ஹூ' என்றால் பதிலில் ஓர் ஆள் இருக்க வேண்டும். 'வேர்' என்றால் ஓர் இடம். 'வென்' என்றால் நேரம். 'ஒய்' என்றால் காரணம், அது பெரும்பாலும் கேட்ட வரியில் இருக்காது, அதற்கு முன்னோ பின்னோ இருக்கும். 'ஹவ்' வந்தால் ஒரு விதம் அல்லது வழி. எழுதி முடித்ததும் அந்த வட்டத்துக்குப் பதில் வந்துவிட்டதா என்று பிள்ளையே பார்க்க வேண்டும். கேள்வியைப் படித்தபின் பத்தியைப் படிப்பதா, பத்தியைப் படித்தபின் கேள்வியைப் படிப்பதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எது முதலில் வந்தாலும் பத்தியை ஒருமுறை முழுதாக, நிறுத்தாமல் வாசித்தே ஆக வேண்டும். தெரியாத சொல் வந்தால் கடந்து போகட்டும். அடுத்த இரண்டு வரியில் அதன் பொருள் பாதியாவது பிடிபடும்.

#6 காவிரிக்கரை

ஐயா, வட்டமிடுவதை நேற்றே செய்து பார்த்தோம். ஐந்து கேள்வியில் நான்கைத் தானாகவே எழுதினாள். டீச்சர், உங்களுக்கும் நன்றி. அந்தப் பறவைக் கதையைத் திரும்ப வாசித்தோம். 'ஒரு சாண் இடைவெளி' என்று சொன்னதும் சிரித்தாள், "சைக்கிள் கத்துக்கொடுக்கும்போது நீயும் கையை விட்டுட்டதான?" என்றாள்.

இப்போது இலக்கணம். இன்று 'டைரக்ட், இன்டைரக்ட்' பத்து வாக்கியம். எனக்கு இது சுத்தமாகத் தெரியாது. ஒரு வாக்கியம்: ஷீ செட், "ஐ வில் கம் டுமாரோ." இதை மாற்ற வேண்டும். யாராவது வழி சொல்லுங்கள். பதில் வேண்டாம்.

#7 வடமராட்சியான்

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணப் பக்கம். எங்களுக்குச் சாதாரண தரப் பரீட்சையில் (உங்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மாதிரி) ஆங்கிலம் இருக்கிறது, எங்கள் பிள்ளைகளும் இதே இடத்தில்தான் நின்று தடுமாறுகிறார்கள். எனக்கு விளங்கிய வழியைச் சொல்கிறேன்.

மகளிடம் தமிழ்ப் புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். நேர்கூற்று, அயற்கூற்று என்று படித்திருப்பாள். "நான் நாளை வருவேன்" என்று அவள் கூறினாள். இதை அயற்கூற்றாக்கினால்: தான் மறுநாள் வருவதாக அவள் கூறினாள். என்னென்ன மாறியது? நான் என்பது தான் ஆனது. நாளை மறுநாள் ஆனது. மேற்கோள் குறி போய்விட்டது. இதெல்லாம் ஆங்கிலத்திலும் அப்படியே நடக்கும்: 'ஐ' போய் 'ஷீ' வரும், 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே' வரும், குறி போய் 'தட்' வரும். முக்கால்வாசி வேலை அவளுக்கு ஏற்கனவே தெரிந்த வேலை.

மீதிக் கால்வாசியில்தான் வித்தியாசம். தமிழில் 'வருவதாக' என்கிறபோது, பேசியபோது இருந்த எதிர்காலம் அப்படியே இருக்கிறது. 'வந்ததாக' என்றால் இறந்தகாலம் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'செட்' என்று வெளியில் இறந்தகாலம் வந்துவிட்டால், உள்ளே இருக்கும் வினையும் ஒரு படி பின்னால் போகும். 'வில்' என்பது 'வுட்', 'இஸ்' என்பது 'வாஸ்', 'கேன்' என்பது 'குட்'. நம் பிள்ளைகள் இந்தப் படியைத்தான் விடுகிறார்கள். கவனக்குறைவு என்று சொல்லிப் பிள்ளையைக் கடிந்துகொள்வார்கள். அவர்களுடைய மொழியில் அந்தப் படியே இல்லை என்பதுதான் காரணம். இதை ஒருமுறை எடுத்துச் சொன்னால் போதும், பிள்ளை தானே தேடிப் பார்க்கும்.

கேள்வி வாக்கியம் வந்தால் இன்னும் எளிது. 'வேர் டூ யூ லிவ்' என்று கேட்டான் என்பதை மாற்றும்போது கேள்வியின் அமைப்புக் கலைந்துவிடும்: 'ஹீ ஆஸ்க்ட் மீ வேர் ஐ லிவ்ட்.' 'டூ' காணாமல் போய்விட்டது, கேள்விக்குறியும் இல்லை. நாமும் 'நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டான்' என்று முற்றுப்புள்ளிதானே வைக்கிறோம்.

ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்றைக்கும் மாறாத உண்மை, பூமி சூரியனைச் சுற்றுகிறது போன்றவை, பின்னால் போகத் தேவையில்லை.

#8 மழைத்துளி

நானும் பன்னிரண்டு வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன் அக்கா. அண்ணா சொன்னதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் போன டியூஷனில் விதிகளை அட்டவணையாக எழுதிப் போட்டு ஒப்பிக்கச் சொல்வார்கள். தமிழை நடுவில் கொண்டுவந்தால் திட்டு விழும். தமிழால்தான் ஆங்கிலம் கெடுகிறது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா, உங்கள் மகளுக்கு இதையும் சொல்லுங்கள். 'எ', 'ஆன்' எங்கே வரும் என்று குழம்பினால் ஒரு, ஓர் நினைவுக்கு வரட்டும். ஒரு வீடு, ஓர் ஊர். பின்னால் உயிரெழுத்து வந்தால் ஓர். ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, வாயில் வரும் ஒலியைக் கேட்க வேண்டும். 'யுனிவர்சிட்டி' எழுதும்போது உயிரெழுத்தில் தொடங்கினாலும் சொல்லும்போது 'யு' என்று மெய் ஒலியோடு வருகிறது, அதனால் 'எ யுனிவர்சிட்டி'. 'ஹவர்' எழுத்தில் மெய்யில் தொடங்கும், சொல்லும்போது 'அவர்', அதனால் 'ஆன் அவர்'. எம்.எல்.ஏ. என்பதற்கும் 'ஆன்' தான், 'எ' ஒலியில் தொடங்குவதால்.

அப்புறம் 'நேற்று வந்திருக்கிறார்' என்று சொல்லும் விஷயம். "நேற்று மாமா வந்திருக்கிறார், நான் வீட்டில் இல்லை" என்று நாம் இயல்பாகப் பேசுவோம். நாம் நேரில் பார்க்காததை, பிறகு தெரிந்துகொண்டதைச் சொல்ல 'வந்திருக்கிறார்' என்போம். அதை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் 'ஹீ ஹேஸ் கம் யெஸ்டர்டே' என்று எழுதுவோம். ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' இருக்கும் இடத்தில் நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொல்லக் கூடாது. நேற்று இருந்தால் 'கேம்' தான். பிழை கண்டுபிடி என்று வரும் கேள்வியில் இது அடிக்கடி இருக்கும்.

கடைசியாக 'இல்லையா'. நீ வருவாய் இல்லையா, அவள் பாடினாள் இல்லையா, இது உன் புத்தகம் இல்லையா. நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே இல்லையா. அதனால் எல்லா வாக்கியத்துக்கும் 'இஸ்ன்ட் இட்' போட்டுவிடுவோம். ஆங்கிலத்தில் முன்னால் இருக்கும் துணைவினை எதுவோ அதுதான் பின்னாலும் வர வேண்டும். 'வில்' இருந்தால் 'வோன்ட்'. துணைவினையே தெரியவில்லை என்றால் 'டூ, டஸ், டிட்' மூன்றில் ஒன்று மறைந்திருக்கிறது. 'ஷீ சேங், டிடின்ட் ஷீ.'

#9 எண்ணெழுத்து

ஒரு, ஓர் விஷயம் எனக்கே புதிது தங்கச்சி. சின்னவனுக்குச் சொன்னேன், உடனே பிடித்துக்கொண்டான்.

அவன் சிபிஎஸ்இ ஒன்பதாவது. அவனிடம் இருக்கும் பழைய என்சிஇஆர்டி புத்தகத்தில் ராபர்ட் ஃப்ராஸ்டின் 'த ரோட் நாட் டேக்கன்' கவிதை இருக்கிறது. டியூஷனில் அதைக் கொடுத்து, 'கவிஞர் தன் தேர்வைப் பற்றி என்ன நினைக்கிறார்' என்று கேட்டிருக்கிறார்கள். பையன் கேள்வியைப் படம் எடுத்து ஒரு செயலியில் போட்டான். நல்ல ஆங்கிலத்தில் பத்து வரி வந்தது: அதிகம் பேர் போகாத பாதையில் துணிந்து போனார், அதனால் வெற்றி பெற்றார், நாமும் அப்படி இருக்க வேண்டும். கைடிலும் அதேதான். இது சரிதானே? இதில் யோசிக்க வேறு என்ன இருக்கிறது?

#10 பழையபுத்தகம்

சார், அந்தக் கவிதையை உங்கள் பையனும் நீங்களும் சேர்ந்து மெதுவாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள். நான்கு பத்திதான், பத்திக்கு ஐந்து வரி.

இரண்டாம் பத்தியில் ஒரு பாதை புல் மண்டிக் கிடப்பதாகத் தோன்றுகிறது என்று தொடங்குவார். அடுத்த மூச்சிலேயே, நடந்தவர்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேய்த்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். மூன்றாம் பத்தியில் இன்னும் தெளிவு. அன்று காலை இரண்டு பாதையிலும் இலைகள் ஒரே மாதிரி, மிதிபடாமல் கிடந்தன. அப்படியானால் 'அதிகம் பேர் போகாத பாதை' எங்கிருந்து வந்தது? கடைசிப் பத்தியில் வருகிறது. அங்கே காலம் மாறிவிடுகிறது. பல காலம் கழித்து எங்கோ உட்கார்ந்து ஒரு பெருமூச்சோடு இதைச் சொல்லிக்கொண்டிருப்பேன் என்கிறார். நடந்தது ஒன்று, பின்னாளில் தன்னிடமே அதைக் கதையாகச் சொல்லப்போவது இன்னொன்று. வெற்றி என்ற சொல் கவிதையில் இல்லவே இல்லை. 'டிஃபரன்ஸ்' என்றுதான் முடிகிறது, அது நல்லதா கெட்டதா என்று சொல்லவில்லை. தலைப்பைப் பாருங்கள், போகாமல் விட்ட பாதையின் பெயர்தான் தலைப்பு.

இதற்குப் பின்னால் ஒரு நட்பு இருக்கிறது. ஃப்ராஸ்ட் இங்கிலாந்தில் இருந்தபோது எட்வர்ட் தாமஸ் என்ற எழுத்தாளரோடு காட்டுவழிகளில் நீண்ட நேரம் நடப்பார். எந்த வழியில் போனாலும், அந்த இன்னொரு வழியில் போயிருக்கலாமே என்று தாமஸ் பிறகு வருத்தப்படுவாராம். அந்த நண்பரை மனதில் வைத்துத்தான் ஃப்ராஸ்ட் இதை எழுதினார். கவிதை 1915-ல் பத்திரிகையில் வந்தது. தாமஸ் அதே ஆண்டு ராணுவத்தில் சேர்ந்தார், 1917-ல் பிரான்சில் அர்ராஸ் போர்க்களத்தில் இறந்துபோனார். இதை அறிந்தபின் அந்தப் பெருமூச்சை என்னால் வெற்றிக் களிப்பாக வாசிக்க முடியவில்லை.

செயலி சொன்னது நல்ல ஆங்கிலமாக இருக்கலாம். ஆனால் அது இரண்டாம் பத்திக்கும் மூன்றாம் பத்திக்கும் பதில் சொல்லவில்லை. பையனிடம் அதைக் காட்டி, 'இந்தப் பத்து வரியில் எந்த வரிக்குக் கவிதையில் ஆதாரம் இருக்கிறது, எதற்கு இல்லை' என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். செயலியை வைத்தே படிக்க அது ஒரு நல்ல வழி.

#11 சாக்பீஸ்

ஐயா சொன்ன வாசிப்போடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் பையன் பரீட்சையில் இதை எழுதினால் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பில் 'துணிச்சலான தேர்வு' என்று இருந்தால் என்ன ஆகும் என்ற பயம் எனக்கு உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

நான் என் பிள்ளைகளுக்குச் சொல்வது: வழக்கமாகச் சொல்லப்படும் பொருளை முதல் இரண்டு வரியில் எழுதிவிடு. அப்புறம் 'ஆனால் இரண்டு பாதைகளும் ஒரே அளவு தேய்ந்திருந்தன என்றும் கவிஞர் சொல்கிறார்' என்று கவிதை வரியோடு சேர்த்து எழுது. வரியைக் காட்டி எழுதிய பதிலுக்கு மதிப்பெண் குறைக்க எந்த ஆசிரியருக்கும் மனசு வராது.

#12 எண்ணெழுத்து

வாசித்தோம். நேற்று இரவு ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பையன் பத்து வரியில் ஆறு வரியை அடித்துவிட்டான். "அப்பா, நீங்க வேலையை மாத்தினதைப் பத்தி இப்படித்தானே மாமாகிட்ட சொல்வீங்க, அப்ப வேற வழியே இல்லைன்னு" என்றான். எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

தேர்ச்சி பற்றி நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை டீச்சர். பெரியவனுக்கு அந்த வருடம் அதுதான் தேவைப்பட்டது. ஆனால் அவனோடு இப்படி ஒரு இரவு உட்காராமல் போய்விட்டேன்.

#13 காவிரிக்கரை

அண்ணா, உங்கள் பதிவை மகளுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எங்களுக்கு இந்த வாரம் 'த லாஸ்ட் லெசன்'. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே எழுதியது. 1870-71 போரில் பிரான்ஸ் தோற்றபின் அல்சேஸ் பகுதிப் பள்ளிகளில் இனி ஜெர்மன் மட்டுமே சொல்லித்தர வேண்டும் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வருகிறது. ஹாமெல் வாத்தியாரின் கடைசிப் பிரெஞ்சு வகுப்பு. ஊர்ப் பெரியவர்கள் ஏன் பின் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று இரண்டு மதிப்பெண் கேள்வி. கைடைத் திறக்கவே இல்லை. அவளே தேடி இரண்டு காரணம் எடுத்தாள்: நாற்பது வருடம் உழைத்த வாத்தியாருக்கு நன்றி சொல்ல, பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகாமல் விட்டோமே என்ற வருத்தத்தில்.

அப்புறம் ஃபிரான்ட்ஸ் என்ற அந்தப் பையன் அன்று பள்ளிக்குப் போக ஏன் பயந்தான் என்ற கேள்விக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியது இது: 'ஃபிரான்ட்ஸ் வாஸ் அஃப்ரெய்ட் அபௌட் பார்ட்டிசிபிள்ஸ். ஐ ஆல்சோ ஃபீல் லைக் தட் இன் கிராமர் கிளாஸ்.' பார்ட்டிசிபிள்ஸ் என்பது அன்று வாத்தியார் கேள்வி கேட்பதாகச் சொல்லியிருந்த இலக்கணப் பகுதி. இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை, அவளாகச் சேர்த்தாள். அடிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருக்கட்டுமா டீச்சர்?

#14 சாக்பீஸ்

இருக்கட்டும். கட்டாயம் இருக்கட்டும். அவளுடைய ஆசிரியர் அதைப் படிக்க வேண்டும். 'அஃப்ரெய்ட்' பக்கத்தில் 'அபௌட்' எடுத்துவிட்டு 'ஆஃப்' போடச் சொல்லுங்கள், அவ்வளவுதான். ஒன்றுக்குப் பயம் என்னும்போது 'ஆஃப்'. ஃபிரான்ட்ஸ் தாமதமாகப் போனதையும் ஒரு வரி சேர்த்தால் இரண்டு மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும்.

#15 வடமராட்சியான்

இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது என்னால் கடைசிப் பக்கத்தை ஒரே குரலில் வாசிக்க முடிவதில்லை. ஒன்று சொல்லலாம், பெரிய பிள்ளைகளாக இருந்தால். அல்சேஸ் கிராமங்களில் பெரும்பாலானோர் வீட்டில் பேசியது ஜெர்மன் வகைப் பேச்சுமொழிதான். பள்ளியில் பிரெஞ்சு. கதை அதைச் சொல்லாது. வீட்டு மொழி, பள்ளி மொழி, அரசு மொழி மூன்றும் மூன்றாக இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை படிக்கிற கதை என்று பார்த்தால் நம் பிள்ளைகளுக்கு இன்னும் கிட்ட வரும்.

#16 காவிரிக்கரை

'ஆஃப்' போட்டுவிட்டாள். இப்போது இன்னொன்று கேட்கிறாள், இது புத்தகத்துக் கேள்வி இல்லை, அவளுடையது. கூரையில் புறாக்கள் கூவுவதைக் கேட்டு, இவற்றையும் ஜெர்மனில் பாட வைப்பார்களோ என்று ஃபிரான்ட்ஸ் நினைக்கிறானே, அதை அவன் விளையாட்டாக நினைத்தானா, துக்கத்தில் நினைத்தானா? பதில் வேண்டாம் என்கிறாள். எந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்கச் சொன்னாள்.

#17 சாக்பீஸ்

அந்த வரிக்கு முன்னால் இருக்கும் பத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத்துப் பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் பார்த்து எழுதுவதற்கு ஹாமெல் சார் என்ன இரண்டு பெயர்களை எழுதித் தொங்க விட்டிருக்கிறார்? வண்டுகள் உள்ளே வந்தபோது யாராவது திரும்பிப் பார்த்தார்களா? அறையில் அப்போது கேட்ட ஒரே சத்தம் எது? மூன்றையும் கண்டுபிடித்தபின் புறா வரியைச் சத்தமாக வாசிக்கட்டும். எந்தக் குரலில் வாசித்தாள் என்று நாளை எனக்கு எழுதுங்கள்.